பூந்தோட்டம் போடுவதற்கு முன்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

திருச்சியில் எங்கள் வீட்டைச் சுற்றியிருக்கும் பூச்செடிகளைப் பார்த்துவிட்டுப் பதியன் கேட்டு வருகிறவர்கள் நிறைய. பதியனோடு சந்தேகங்களும் வரும். ஆறு மாதம் கழித்து, "நீங்க குடுத்த செடி பட்டுப்போச்சுக்கா" என்று அவர்களே வந்து சொல்லும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். விசாரித்தால் பெரும்பாலும் செடியில் குறை இருக்காது. இடமும் நோக்கமும் பார்க்காமல் நட்டிருப்பார்கள். அதனால் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே, இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சமவெளியில் இருக்கும் தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது.

பூந்தோட்டம் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. என்னென்ன செடி வாங்கட்டும்?

செடி வாங்குவது கடைசி வேலை. முதலில், பூ உங்களுக்கு எதற்கு என்று முடிவு செய்யுங்கள். தினமும் சாமிக்கும் தலைக்கும் பறிக்கவா? வாசலில் நின்று பார்த்து ரசிக்கவா? சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் வாசனை வர வேண்டுமா? வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் வர வேண்டுமா? இந்த நான்கும் நான்கு விதமான தோட்டங்கள்.

பறிக்கிற தோட்டத்தில் செடி அழகாக நிற்கவேண்டிய அவசியம் இல்லை. கை எட்ட வேண்டும், நடுவில் நடக்க வழி வேண்டும், ஒரே வகையில் நாலைந்து செடியாவது வேண்டும். ஒரு மல்லிச்செடியை வைத்துக்கொண்டு ஒரு முழம் கட்ட முடியாது. பார்க்கிற தோட்டத்தில் பூவைப் பறிக்காமல் விடுவோம். அங்கே நிறம், உயரம், வாசலிலிருந்து எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் முக்கியம். வாசனைத் தோட்டத்தை ஜன்னலுக்கும் உட்காரும் இடத்துக்கும் பக்கத்தில், காற்று வரும் திசை பார்த்து வைக்க வேண்டும். பூச்சிகளுக்கான தோட்டத்தில் இலையைப் புழு தின்பதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். இது தெளிவாகிவிட்டால் எந்தச் செடி என்பது தானாகவே பாதி முடிவாகிவிடும்.

எல்லாத்தையும் கலந்து வைக்கக் கூடாதா அக்கா?

வைக்கலாம். ஆனால் ஒரே பாத்தியில் கலக்காதீர்கள், இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கம் பார்க்க, பக்கவாட்டில் பறிக்க, படுக்கையறை ஜன்னல் ஓரம் வாசனைக்கு என்று வைத்தால் சின்ன வீட்டிலும் மூன்றுக்கும் இடம் கிடைக்கும். வாசலில் அழகுக்கென்று வைத்த செம்பருத்தியைத் தினமும் பூஜைக்குப் பறித்துவிட்டு, வாசல் வெறிச்சென்று இருக்கிறது என்று வருத்தப்படுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்க வீட்டு இடத்துல வெயில் போதுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி தொடங்கி மாலை நான்கு வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய், நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, நிழலின் ஓரத்தில் ஒரு கல் வையுங்கள். மல்லி, ரோஜா, செண்டுமல்லி, சம்பங்கி எல்லாம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்கிற செடிகள். நாலு மணி நேரம் கிடைத்தாலும் செடி வளரும், பூ குறையும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் சூரியன் வருஷம் முழுக்க ஒரே பாதையில் போவதில்லை. திருச்சி அளவில் பார்த்தால் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போகும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் அந்தச் சாய்வு மிக அதிகம். அதனால் வீட்டின் வடக்குப் பக்கம் கோடையில் நன்றாகக் காய்ந்துவிட்டு, ஐப்பசி முதல் தை வரை சுவர் நிழலிலேயே கிடக்கும். மே மாதம் பார்த்து "இங்கே நல்ல வெயில்" என்று சாமந்தி நட்டால், அது பூக்க வேண்டிய மார்கழியில் வெயிலே இருக்காது. வடக்குச் சுவர் ஓரம் நடுவதற்கு முன் மழைக்காலத்திலும் ஒருமுறை கல் வைத்துப் பாருங்கள்.

நிழல்தான் இருக்கு. அப்ப பூச்செடியே வராதா?

முழு இருட்டில் எதுவும் வராது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் வந்து, அப்புறம் வெளிச்சம் மட்டும் இருக்கிற இடமாக இருந்தால் கனகாம்பரம், நந்தியாவட்டை, டிசம்பர் பூ மூன்றும் வரும். என்னைக் கேட்டால் கனகாம்பரத்தில் தொடங்குங்கள். பக்கத்து வீட்டு மாமர நிழல் விழும் இடத்தில்கூட எங்கள் கனகாம்பரம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பூத்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் படபடவென்று வெடித்து விதை தெறிக்கும். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு. டெல்லி கனகாம்பரம் என்று விற்கிற ஆரஞ்சு வகை விதை பிடிக்காது, குச்சி நட்டுத்தான் வளர்க்க வேண்டும்.

மண்ணு நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்? டெஸ்ட் பண்ணணுமா?

நிறைய இடத்தில் போடப்போகிறீர்கள் என்றால் மண் பரிசோதனை நல்லது. வீட்டுப் பாத்திக்கு ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நின்றால் அது வேர் அழுகுகிற இடம். அங்கே குழி தோண்டி நடாமல், மண்ணை ஒரு அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் இன்னொரு எச்சரிக்கை. சுவர் ஓரத்தில் சிமென்ட்டும் சுண்ணாம்பும் ஜல்லியும் புதைந்து கிடக்கும். எங்கள் வீட்டில் முதல் இரண்டு வருஷம் விருட்சி (இட்லிப்பூ) இலை மஞ்சளாகவே இருந்தது. பிறகு தோண்டிப் பார்த்தால் அடியில் பூச்சு வேலை செய்த கழிவு. இரண்டடிக்கு மண்ணை மாற்றிய பிறகுதான் செடி பச்சை பிடித்தது.

பாத்தி எவ்வளவு அகலம் போடலாம்?

உங்கள் கை எட்டும் அளவுக்கு. சுவரை ஒட்டிய பாத்தி இரண்டடி, இரண்டு பக்கமும் நடக்க வழியுள்ள பாத்தி நாலடி. அதற்கு மேல் போனால் களை எடுக்கப் பாத்திக்குள் கால் வைத்து மண்ணை மிதித்து இறுக்கிவிடுவோம்.

எந்த மாசம் ஆரம்பிச்சா நல்லது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பூச்செடிக்கும் பொருந்தும். ஆனி ஆடியில் நட்டால் வேர் பிடித்து நிற்கும்போது ஐப்பசி மழை வந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் புதுச்செடி நடாதீர்கள். அடை மழை கொட்டுகிற வாரத்திலும் வேண்டாம். அந்தக் காத்திருப்பு நாட்களை வெயில் பார்க்கவும் மண் தயார் செய்யவும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வருஷம் முழுக்கத் தினமும் ஏதாவது ஒரு பூ கிடைக்கணும். அப்படித் திட்டம் போட முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஒரு தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களை எழுதுங்கள். ஒவ்வொரு செடியும் எந்த மாதம் பூக்கும் என்று கோடு போடுங்கள். குண்டுமல்லிக்குப் பங்குனி முதல் ஆடி வரை நல்ல காலம். ஆடிக்குப் பிறகு அது குறையும்போது பிச்சிப்பூ கைகொடுக்கும், கார்த்திகை வரை வரும். கார்த்திகையில் சாமந்தி தொடங்கி தை வரை நிற்கும். மார்கழிக் குளிரில் மல்லி விலை ஏறிக் கிடக்கும்போது டிசம்பர் பூ வேலியோரம் ஊதாவும் வெள்ளையும் ரோஸுமாகப் பூக்கும். கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் வைக்கப் பூசணிப்பூ வேண்டுமானால் புரட்டாசியிலேயே விதை போட்டுவிடுங்கள்.

இந்தக் கோடுகளுக்கு அடியில் எப்போதும் பூக்கிற சிலவற்றை அஸ்திவாரம் போல வையுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, கனகாம்பரம், நித்தியமல்லி. இவை ஐந்தும் இருந்தால் எந்த நாளும் சாமி படம் வெறுமையாக இருக்காது. செண்டுமல்லி விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூத்துவிடும். காலியாகத் தெரிகிற மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பு அதை விதைத்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம். நட்ட ஒரு மாதத்தில் அதன் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் பூ அதிகமாகும்.

சாமந்தியும் செவ்வந்தியும் ஒண்ணா? செண்டுமல்லின்னா வேறயா?

சாமந்தி, செவ்வந்தி இரண்டும் ஒன்றுதான். செண்டுமல்லி வேறு செடி. அதையே கேந்தி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வார்கள். பெயர் குழம்பினால் தோட்டமும் குழம்பும், ஏனென்றால் சாமந்தி குளிர்காலத்துக்குக் காத்திருக்கும், செண்டுமல்லி அப்படிக் காத்திருக்காது. அதேபோல் சம்பங்கி என்று கேட்டால் சிலர் செண்பக மரத்தைச் சொல்வார்கள். நிலசம்பங்கி கிழங்கிலிருந்து வருவது, முழங்காலுக்கு மேல் உயரமாகப் பூத்தண்டு விடும். செண்பகம் வீட்டுக்கு மேல் வளரும்.

மல்லி, முல்லை, பிச்சி, நித்தியமல்லி இதுல எதை வைக்கிறது?

ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் குண்டுமல்லி. குத்துச்செடியாக அடக்கமாக நிற்கும், பந்தல் வேண்டாம். செடிக்குச் செடி நாலடி விடுங்கள். மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தத் தோட்டங்களுக்குப் போகும் பதியன்களில் பெரும்பகுதி ராமேசுவரம் தங்கச்சிமடம் மணலில் வளர்த்தவை. எப்படியானாலும் தண்ணீர் வடியாத மண் மல்லிக்கு ஆகவே ஆகாது.

பிச்சி என்கிற ஜாதிமல்லிக்கும் முல்லைக்கும் படரவோ சாயவோ இடம் வேண்டும். ஜன்னல் கிராதியில் ஏற்றிவிட்டால் இரவில் வீட்டுக்குள் வாசனை வரும். முதலில் சொன்ன வாசனைத் தோட்டத்துக்கு இவைதான் சரி. நித்தியமல்லிக்கு வாசனை மென்மையானது, ஆனால் மற்றவை ஓய்வெடுக்கும் மாதங்களிலும் பூக்கும்.

பறிக்கும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். குண்டுமல்லியை விடிகாலையில், நன்றாகப் பருத்து வெள்ளையான, விரியாத மொட்டாகப் பறியுங்கள். ஈரத்துணியில் வைத்துக் கட்டினால் சாயங்காலம் தலையில் இருக்கும்போது மலரும்.

எங்க மல்லி இலையா தழைச்சுக் கிடக்கு, பூவே இல்ல. என்ன உரம் போடலாம்?

உரம் போடாமல் நிறுத்துங்கள். என்னிடம் இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் மாதாமாதம் யூரியாவோ சாணிக்கரைசலோ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையைத்தான் வளர்க்கும். வெயில் ஆறு மணி நேரம் இருக்கிறதா என்று மேலே சொன்னபடி பாருங்கள்.

அது சரியாக இருந்தால் அடுத்தது கவாத்து. மல்லி புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய கிளையை வெட்டாமல் வைத்திருந்தால் பூ குறைந்துகொண்டே போகும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டுங்கள். முதல் தடவை கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது, வெட்டிவிட்டு ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய பின் தண்ணீரைக் குறைத்து, தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு வெயில் படவிடுங்கள். பிறகு தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் இட்டு நீர் கட்டினால், தளிரோடு மொட்டும் வரும். முல்லை, பிச்சிக்குப் பூ ஓய்கிற மார்கழி, தை மாதங்கள் சரி.

மொட்டு ஊதா கலர்ல மாறி விரியாமலே உதிருது. தண்ணி குறைச்சலா?

தண்ணீர் இல்லை, மொட்டு ஈ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஈ மொட்டில் முட்டையிடும், உள்ளேயிருக்கும் புழு சாறு உறிஞ்சுவதால் மொட்டு ஊதாவாகிறது. புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அதனால் நிறம் மாறிய மொட்டுகளைச் செடியிலிருந்தும் தரையிலிருந்தும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், குப்பையில் போடாமல் எரித்துவிடுங்கள். தூரைச் சுற்றி மண்ணைக் கிளறிக் காயவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் பொறுக்கினாலே நன்றாகக் குறையும்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு போல அப்பியிருப்பது வேறு, அது மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியை எறும்புதான் காவல் காக்கும், அதைத் தடுக்காமல் பூச்சி போகாது.

சொந்த மண் இல்ல, மொட்டை மாடிதான். பூந்தோட்டம் சாத்தியமா?

சாத்தியம், வெயிலுக்கு அங்கே பஞ்சமே இல்லை. எடையைத்தான் யோசிக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலப் பை ஒன்றில் ஏறக்குறைய இருபது லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் அது முப்பது கிலோவுக்குக் குறையாது. இருபது பையை மாடியின் நடுவில் குவித்தால் அறுநூறு கிலோ ஒரே இடத்தில் உட்காரும். சுவரும் உத்திரமும் வரும் வரிசையில் பரவலாக வையுங்கள். தண்ணீர் தேங்காமல் பைக்கு அடியில் செங்கல் கொடுங்கள். பழைய கட்டடம் என்றால் ஒரு பொறியாளரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எடை குறைய, மண்ணில் பாதியைத் தென்னை நார்க்கழிவாக்கலாம். அதை வாங்கியவுடன் அப்படியே போடாதீர்கள். உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பிழியுங்கள். மல்லிக்குப் பதினைந்து அங்குலப் பை வேண்டும். செண்டுமல்லி, கனகாம்பரம், பன்னீர் ரோஜா பன்னிரண்டிலேயே வரும். மரமல்லி, செண்பகம் எல்லாம் மாடிக்கு வேண்டாம்.

போர் தண்ணி உப்பு. ஆர்.ஓ.ல வெளிய போற தண்ணியை ஊத்தலாமா? ஏசி தண்ணி?

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம்தான், உப்பே இருக்காது. தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ.வில் வெளியேறுவது அதற்கு நேர்மாறு. நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிச்சமிருக்கும் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே உப்பான போர் தண்ணீர் என்றால் அதை ரோஜாவுக்கும் மல்லிக்கும் ஊற்றவே கூடாது.

உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் செடியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அரளியும் காகிதப்பூவும் அதைத் தாங்கும். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துப் பாத்தியில் விட்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது உப்பைக் கழுவிவிடுங்கள். தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண் சுண்ணாம்பாக இருப்பதால் வேர் அதை எடுக்க முடியாமல் திணறுகிறது. அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். மாதம் ஒரு தடவை, மஞ்சள் மாறும்வரை போதும்.

நர்சரில பூவும் மொட்டுமா இருந்த ரோஜா வீட்டுக்கு வந்ததும் ஏன் பட்டுப்போகுது?

வெளியூரிலிருந்து வரும் பல ரோஜாச் செடிகளின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும், வண்டியில் உடையாமல் வருவதற்காக. அதை அப்படியே நட்டால் வேர் வெளியே வர முடியாது, உள்ளே தண்ணீரும் சரியாக இறங்காது. வாங்கிய உடனே நடாமல் ஒரு வாரம் பாதி நிழலில் வையுங்கள். பிறகு உருண்டையைத் தண்ணீரில் ஊறவிட்டு, வேர் அறாமல் வெளிக்களிமண்ணை மெதுவாகக் கரைத்து எடுத்துவிட்டு நடுங்கள். முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடுவது செடிக்கு நல்லது, நமக்குத்தான் மனசு வராது.

ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழேயிருந்து தளதளவென்று ஒரு கிளை கிளம்பி, அதன் இலைக்காம்பில் ஐந்துக்குப் பதில் ஏழு சிற்றிலைகள் இருந்தால் பெரும்பாலும் அது அடிச்செடியின் கிளை. விட்டுவைத்தால் மேலே இருக்கும் நல்ல ரோஜாவை அது அழித்துவிடும். உடனே அடியோடு கிள்ளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பன்னீர் ரோஜா. வெயிலைத் தாங்கும், வாசனையும் நிஜ வாசனை.

ஊட்டி ரோஜாப் பூங்கா மாதிரி எங்க வீட்டு முன்னாடி பண்ண முடியுமா?

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 1995இல் தொடங்கிய அந்த ரோஜாப் பூங்காவின் அடுக்குச் சரிவும், 1848இல் உருவான தாவரவியல் பூங்காவின் புல்வெளியும் அந்தக் குளிரிலும் சரிவிலும் நிற்பவை. மலைச்சந்தையில் வாங்கி வருகிற ஹைட்ராஞ்சியாவும் ஃபுக்‌சியாவும் கீழே சித்திரை வெயிலில் தாக்குப்பிடிக்காது. ஒவ்வொரு மே மாதமும் மலர்க்கண்காட்சி முடிந்து திரும்புகிற யாராவது ஒரு தொட்டியோடு வந்து என்னிடம் கேட்பார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும் அந்தச் செடி.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அமைப்பை. ஒரே நிறத்தைக் கூட்டமாக நடுவது, பின்னால் உயரம் முன்னால் குட்டை என்று அடுக்குவது, நடுவில் கண் ஓய்வெடுக்க வெறும் பச்சை விடுவது. செம்பருத்தி பின்வரிசை, விருட்சி நடுவரிசை, பத்துமணிப்பூ முன்வரிசை என்று நம் செடிகளிலேயே அதைச் செய்யலாம்.

வண்ணத்துப்பூச்சி வரணும்னு நிறைய பூ வச்சேன். வரவே இல்லையே?

பூ அதற்குச் சாப்பாடு, ஆனால் பிள்ளை வளர்க்க இலை வேண்டும். ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியும் தனக்கென்று சில செடிகளில்தான் முட்டையிடும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்தால் கறுப்பும் மஞ்சளுமான பெரிய அழகுப்பூச்சிகள் வரும். பறவை எச்சம் போல இலையில் ஒட்டியிருப்பது அவற்றின் குட்டிப்புழு, அதை நசுக்காதீர்கள். எருக்கில் ஆரஞ்சு நிறப்பூச்சியும், சரக்கொன்றை, ஆவாரையில் வெளிர் மஞ்சள் பூச்சியும் முட்டையிடும். கிலுகிலுப்பைச் செடியைத் தேடி ஆண்பூச்சிகள் கூட்டமாக வரும். தேனுக்கு விருட்சி, தும்பை போதும். உண்ணிச்செடிக்கும் அவை வரும்தான், ஆனால் அது நம் காடுகளையே விழுங்கிக்கொண்டிருக்கிற வெளிநாட்டுச் செடி. நீங்களாக நடாதீர்கள்.

2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். அது மலைக்காட்டுப் பூச்சி, நம் வீட்டுக்கு வராது. நேரம் கிடைத்தால் ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போய், எந்தச் செடியில் எது உட்காருகிறது என்று ஒரு காலைப்பொழுது பாருங்கள். முக்கியமாக, இந்தப் பகுதியில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்கக் கூடாது. இரண்டாவது கேள்வியில் தனி இடம் என்று நான் வற்புறுத்தியது இதற்காகவும்தான்.

அரளி வீட்ல வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே?

காரணம் இருக்கிறது. அரளியின் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம். மஞ்சள் அரளியின் கொட்டை அதைவிடக் கொடியது. செங்காந்தள் நம் மாநில மலர், அதுவும் கிழங்கிலிருந்து விதை வரை விஷம்தான். வாயில் எதையும் வைக்கிற வயதில் குழந்தை இருந்தாலோ ஆடு மாடு அவிழ்த்துவிடுகிற வீடாக இருந்தாலோ இந்த மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். குழந்தை வளர்ந்தபின் வைத்துக்கொள்ளலாம். வைத்திருக்கிறவர்கள் கவாத்துச் செய்த குச்சியை அடுப்பெரிக்கக் கூடாது, புகையும் ஆகாது. பறித்த கையைக் கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மல்லி, மனோரஞ்சிதம் வச்சா பாம்பு வருமாமே?

வாசனைக்குப் பாம்பு வராது. எலியும் தவளையும் இருக்கிற இடத்துக்கு, ஒளிந்துகொள்ள அடர்ந்த புதர் இருக்கிற இடத்துக்கு வரும். மனோரஞ்சிதத்தைத் தரையோடு புதராக விட்டால் அப்படியொரு இடம் உருவாகும். அடியிலிருந்து இரண்டடி வரை கிளைகளை எடுத்துத் தூர் தெரியும்படி வையுங்கள். செங்கல், ஓடு, தேங்காய் மட்டையைச் செடியோரம் குவிக்காதீர்கள். இருட்டில் பூப்பறிக்கப் போனால் கையில் டார்ச் இருக்கட்டும்.

எங்க தெருக் கோயிலுக்குப் பத்து சென்ட்ல நந்தவனம் போடச் சொல்றாங்க. எப்படித் திட்டம் போடுறது?

கொடுத்துவைத்த வேலை. தொண்டரடிப்பொடியாழ்வார் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டியவர். பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனத்துத் துளசியடியில்தான் ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. முதலில் அர்ச்சகரிடம் உட்கார்ந்து, எந்தச் சன்னதிக்குத் தினமும் என்ன பூ, எத்தனை மாலை, வெள்ளிக்கிழமை, பிரதோஷம், மார்கழிக்கு எவ்வளவு கூடுதல் என்று எழுதி வாங்குங்கள். பெருமாளுக்குத் துளசி, சிவனுக்கு வில்வம், பிள்ளையாருக்கு அருகம்புல் இல்லாமல் வெறும் பூவை மட்டும் நட்டுவிட்டுப் பிறகு தவிக்கக் கூடாது.

மரங்களை மேற்கு ஓரத்தில் வையுங்கள். வில்வம், மகிழம், செண்பகம் அங்கே நின்றால் காலை வெயில் பூச்செடிகளுக்குத் தடையில்லாமல் கிடைக்கும், பிற்பகல் கடுமையும் குறையும். நாகலிங்கம் கேட்பார்கள். பீரங்கிக்குண்டு போன்ற காய் தலையில் விழும், பத்து சென்ட்டில் ஆள் நடக்கிற இடத்துக்கு வேண்டாம். பவழமல்லியை ஒரு மூலையில் வைத்து அடியை மெழுகிச் சுத்தமாக வையுங்கள். இரவில் பூத்து விடியலில் தானே உதிரும், தரையிலிருந்து எடுத்துச் சாமிக்கு வைப்பது அந்தப் பூவுக்கு வழக்கம்தான். நடுவில் செவ்வரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி வரிசைகள். மல்லி கிழக்குப் பக்கம். வரிசைகளுக்கு நடுவே கூடையோடு ஒருவர் நடக்க மூன்றடி வழி. வருஷத்திட்டத்துக்கு மேலே சொன்ன பன்னிரண்டு மாதக் கோடே போதும்.

நடுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ஊரே கூடிச் செடி நட்டு, மாசி மாதமே காய்ந்துபோன நந்தவனம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கிணறு எட்டத்தில் இருந்தது, முறை வைத்துக்கொள்ளவும் இல்லை.

காகிதப்பூ ரெண்டு வருஷமா பச்சையாவே நிக்குது. தினமும் தண்ணி ஊத்துறேனே?

தினமும் ஊற்றுவதுதான் காரணம். அது காய்ந்தால்தான் பூக்கும். இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு ஊற்றுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் நிறம் வரும். முழு வெயில் கட்டாயம்.

பக்கத்து வீட்டுச் சாமந்தி பூத்துக் குலுங்குது. அதே செடியோட கன்னுதான் எங்க வாசல்லயும் இருக்கு, மொட்டே வைக்கல. ஏன்?

இந்தக் கேள்வியோடு வந்தவர் வீட்டுக்கு ராத்திரி ஒரு தடவை போன பிறகுதான் எனக்குப் பதில் கிடைத்தது. அவர் வாசலுக்கு நேர் மேலே தெருவிளக்கு. சாமந்தி இரவின் நீளத்தை வைத்துத்தான் பருவத்தை அறியும். ஐப்பசிக்குப் பிறகு இரவு நீளும்போது மொட்டு வைக்கும். விடிய விடிய வெளிச்சம் பட்டால் அதற்கு இன்னும் கோடை முடியவில்லை. பசுமைக்குடில்களில் சாமந்தி வளர்க்கிறவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றே இரவில் விளக்குப் போடுவார்கள். இங்கே அது தானாகவே நடந்திருக்கிறது.

தொட்டியாக இருந்தால் புரட்டாசி முடிவதற்குள் விளக்கு படாத கொல்லைப்பக்கம் மாற்றுங்கள். தரையில் நட்டதானால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். மொட்டு வைத்து நிறம் தெரிகிறவரை இதை ஒருநாள்கூட விடாமல் செய்ய வேண்டும். அவரால் அது முடியவில்லை. சாமந்தியைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டு, வாசலில் செண்டுமல்லி விதைத்தார். இந்த மார்கழியில் இரண்டு இடத்திலும் பூ இருந்தது.